மாடியில்தான் சிக்னல்

“டின்னை இன்னும் கொஞ்சம் இடது பக்கமாத் திருப்பு ஸ்நேகா. ஆடாம பிடி!”

“பிடிச்சுண்டுதான் இருக்கேன். தெரிஞ்சவா யாராவது பார்த்தா, கார் ஜன்னல்ல சிப்ஸ் டின்னை நீட்டிண்டு போறாளே, புத்தி கித்தி பிசகிடுத்தான்னு கேக்கப் போறா.”

திருவனந்தபுரம் கரமனை அக்ரகாரத் தெருவில் அந்தப் பழைய மாருதி நடை வேகத்தில் ஊர்ந்தது. பிரணவின் ஒரு கண் தெருவில், மறு கண் டின்னோடு வயரால் இணைத்திருந்த லேப்டாப்பில்.

கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு வேலை சென்னையில், அவளுக்கு இங்கே கழக்கூட்டத்தில். ரயில்தான் அவர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தது. இப்போதுதான் கம்பெனி மனம் இரங்கியது. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். ஆனால் வீட்டில் இன்டர்நெட் இருக்க வேண்டும். இந்த மாதத்துக்குள் சொல்ல வேண்டும். சரி என்று சொல்லிவிட்டு, பிறகு முடியாது என்றால் இந்த இடமும் இல்லை, அந்த இடமும் இல்லை.

டெலிபோன் ஆபீஸில் போய்க் கேட்டால், புது கனெக்‌ஷனுக்கு அரை வருஷமாவது ஆகும் என்று கையை விரித்துவிட்டார்கள். அதனால் பிரணவ் ஒரு வழி கண்டுபிடித்தான். யாரோ பாஸ்வேர்டு பூட்டுப் போடாமல் விட்ட வயர்லெஸ் சிக்னல் எந்த வீட்டில் நன்றாகக் கிடைக்கிறதோ, அந்த வீட்டுக்குக் குடிபோவது!

“லேப்டாப்புக்கு மூணு வயர்லெஸ் கார்டு எதுக்கு? ஒண்ணு போறாதோ?” என்றாள் ஸ்நேகா.

“ஒரே கார்டுன்னா சேனல் சேனலா மாறி மாறிக் கேக்கும். ஒண்ணைக் கேக்கறச்சே மத்ததைக் கோட்டை விட்டுடும். மூணு இருந்தா ஆளுக்கொரு சேனல். ஓடற கார்லேர்ந்தும் ஒண்ணும் தப்பாது.”

“கார் மேல ஒரு குச்சியை நட்டு வெச்சிருக்கேளே, அது?”

“அந்த ஆன்டெனா நாலு பக்கமும் கேக்கும். ஆனா எந்தத் திசைன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. திசை சொல்றது உன் கையில இருக்கற டின்னாக்கும்.”

பெண் பார்க்கப் போனபோதுகூட அவன் இவ்வளவு யோசித்ததில்லை. எந்தக் கார்டு, எத்தனை நீளக் குச்சி என்று பத்து நாள் படித்துப் படித்து வாங்கியிருந்தான்.

“நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ! சிக்னல் கம்பி ஏறறது!”

டின் ஒரு பழைய மாடிவீட்டைக் காட்டியது. வாசலில் ‘வாடகைக்கு’ என்று பலகை. அதன் பின்னாலேயே புத்தம் புதிதாக மூன்று மாடி வீடு ஒன்று நின்றது.

“பின்னாடி இருக்கே, அங்கேர்ந்துதான். கல்ஃப் பணம் இல்லியா? நெட்டெல்லாம் வாங்கிட்டா, பூட்டத்தான் தெரியல்ல” என்று சிரித்தான் பிரணவ்.

வீட்டுக்காரர் ராமசுப்ரமணியன் கீழ்ப் போர்ஷனைக் காட்டினார். தடித்த சுவர்கள். பிரணவின் கையிலிருந்த லேப்டாப்பில் ஒற்றைக் கம்பி மட்டும் அழுது வடிந்தது. மாடியைப் பார்க்கலாமா என்று சாக்குச் சொல்லி ஏறினான். பூட்டிய கதவுக்கு வெளியே நின்றபோதே கம்பி முழுசாக நின்றது.

“எங்களுக்கு மாடிதான் வேணும் மாமா.”

“அங்க ஆள் இருக்கே! கோலப்பன்னு நாகர்கோவில் பையன். ஆபீஸ் போயிருக்கான்.”

“வாடகை கூடவே தரோம்.”

ராமசுப்ரமணியனின் குரல் உடனே இறங்கியது. “அவனும் லேசுப்பட்டவன் இல்ல, கேட்டேளா. ஃபேன், லைட்டு ஒண்ணையும் அணைக்காம போயிடுவான். கரண்ட் பில் கட்டறது நானாக்கும்.”

“நாங்க எல்லாத்தையும் அணைச்சிடுவோம் மாமா.”

காரில் ஏறியதும் ஸ்நேகா கேட்டாள். “பாவம் இல்லியா? இருக்கறவனைக் கிளப்பிட்டு...”

“நாம இத்தனை நாள் தனித்தனியாக் கிடந்தோமே, அது பாவம் இல்லியா?”

அவளுக்கும் அந்த மாடி வேண்டியிருந்தது.

மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது கோலப்பன் காலி செய்தான். மறுநாள் காலையிலேயே இவர்கள் பால் காய்ச்சினார்கள். பாலை விட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தான் பிரணவ். கம்பி முழுசாக இருந்தது!

“அனுப்பிடட்டுமா?”

“பிள்ளையாரை நினைச்சுண்டு அனுப்புங்கோ.”

‘வீட்டில் இன்டர்நெட் தயார். சென்னையில் என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்’ என்று கம்பெனிக்கு மெயில் போனது. ஸ்நேகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. வெளியே கோலப்பன், கையில் ஒரு பையோடு நின்றான்.

“ஒண்ணும் நினைக்காதீங்க சார். ஒரு சாதனத்தை மறந்துட்டுப் போயிட்டேன். அணைக்கவும் இல்ல. மாமா பாத்தா ஏசுவாரு.”

“அதுக்கென்ன, எடுத்துக்குங்கோ.” குற்ற உணர்ச்சியில் பிரணவ் அவனுக்கு நாற்காலியே போட்டுக் கொடுத்தான்.

கோலப்பன் அதில் ஏறி, கதவுக்கு மேலிருந்த பரணில் கையை விட்டு எதையோ பிடுங்கினான். இரண்டு சின்னக் கொம்பு வைத்த பெட்டி ஒன்று, டெலிபோன் வயரோடு இறங்கியது. லேப்டாப்பில் கம்பி ஒன்றுகூட மிச்சமில்லாமல் அணைந்தது.

“ஒரு உபகாரம் சார்” என்றான் கோலப்பன், பெட்டியின் தூசியைத் துடைத்துக்கொண்டே. “பின்னால மூணு மாடி வீட்டுக்காரங்க நெட்டு வரலன்னு கேட்டு வந்தா, நான் காலி பண்ணிட்டேன்னு சொல்லிருங்க. பாவம், அவங்களும் இத்தனை நாளா இதுலதான் ஓட்டிட்டிருந்தாங்க.”