ஷூ கேட்ட கடைசி அத்தியாயம்

"இவளைக் கெடுக்கறதே நீதான்!" வாசலில் கிடந்த புது ஷூ, ஜன்னலோரம் இருந்த நாவலைத் திட்டியது. "ஓட்டப் பந்தயத்துக்குப் பத்து நாள்தான் இருக்கு. ஒரு பக்கம், இன்னும் ஒரே பக்கம்னு உட்கார்ந்தே இருக்கா."

பந்தயம் நெருங்குவதை உணர்ந்த சாருலதா, அன்று முதல் தனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டு, கதை சூடுபிடிக்கும் இடத்தில் நாவலைக் கவிழ்த்துவிட்டு ஓடப் போனாள். திரும்பி வந்த பிறகுதான் அடுத்த பக்கம்.

பந்தயத்தன்று, கதாநாயகி பெட்டியோடு ரயிலுக்கு ஓடும் இடத்தில் நாவல் காத்திருந்தது.

ஐந்து கிலோமீட்டரையும் முடித்த சாருலதா, கழுத்தில் பதக்கத்தோடு, ஷூவைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் பாய்ந்தாள்.

"ஜெயிச்சாளா?" என்றது நாவல்.

"நாலாவது கிலோமீட்டர்ல நிக்கப் பார்த்தா," என்றது ஷூ. "'அவ ரயிலைப் பிடிச்சாளா, பிடிச்சாளா'ன்னு முனகிக்கிட்டே ஓடி முடிச்சுட்டா. அது கிடக்கட்டும், பிடிச்சாளா இல்லையா? சீக்கிரம் சொல்லித் தொலையேன்!"