தடித்த எழுத்தில் யார் பேர்?

“நேத்து தொழிலுக்கு வந்தவன் பேர் யானை மாதிரி நிக்குது. என் பேர் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. யாரைக் கேட்டு இப்படிப் பண்ணீங்க?”

அக்கா பாட்டிலை மேசைமேல் வைத்த வேகத்தில் லேபிள் டிசைனரின் பென்சில்கள் உருண்டு தரையில் விழுந்தன. எடுக்கக் குனிந்த டிசைனர் உடனே நிமிரவில்லை. மேசைக்குக் கீழே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அக்காவும் தம்பியும் ஒயின் தயாரிப்பவர்கள். அக்கா பேரைப் பார்த்தே பாட்டிலைக் கையில் எடுப்பவர்கள் நிறையப் பேர். தம்பி இந்த வருடம்தான் தொழிலில் சேர்ந்தான். இருவரும் சேர்ந்து செய்த முதல் ஒயினின் லேபிள் அன்று மாலை அச்சுக்குப் போக வேண்டும். யார் பேர் பெரிதாக வருவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

“நான்தான் மாத்தச் சொன்னேன்,” என்றான் தம்பி. “இத்தனை வருஷமா எல்லா பாட்டில்லயும் உன் பேர்தான். ஒரு தடவை என் பேர் பெருசா இருந்தா குடியா முழுகிடும்?”

“மீசை முளைச்சதும் பேர் போட்டுக்கணுமா உனக்கு?”

“எனக்கு முப்பத்திரண்டு வயசு.”

“சொல்லிக்க வெக்கமா இல்லை?”

டிசைனர் குறுக்கே புகுந்தாள். “இல்லேன்னா ரெண்டு பேரையும் ஒரே அளவுல…”

“வேண்டவே வேண்டாம்,” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் சண்டையே இல்லை.

உள்ளூர டிசைனருக்கும் அது நிம்மதிதான். “லேபிளுக்கு ஃபாண்ட் தேடுறது ஜோடி சேர்க்கிற மாதிரி மேடம். ஒண்ணு தடியா நிக்கணும், இன்னொண்ணு மெலிசா ஒதுங்கி நிக்கணும். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா முட்டிக்கும். கடையில பாக்குறவங்க கண்ணுல எதுவுமே நிக்காது.”

“அப்ப தடியா நிக்க வேண்டியது நான்,” என்றாள் அக்கா.

“அதான் பாத்தாலே தெரியுதே,” என்றான் தம்பி.

“வாயைக் கிழிச்சிடுவேன்.”

டிசைனர் ஆளுக்கொரு பேர் பெரிதாக வரும் இரண்டு மாதிரிகளையும் சொரசொரப்பான லேபிள் தாளில் அச்செடுத்து, இரண்டு பாட்டில்களில் சுற்றி ஒட்டினாள். ஜன்னலோர அலமாரியில் வைத்துவிட்டு, இருவரையும் வாசல்வரை பின்னால் போய் நின்று பார்க்கச் சொன்னாள். மெல்லிய எழுத்தின் கோடுகள் அங்கிருந்து பாதி காணாமல் போயின. தடித்த எழுத்து மட்டும் கண்ணில் அறைந்தது.

“பாரு,” என்றான் தம்பி. “உன் பேர் நீளம். பெருசாப் போட்டா பாட்டிலைச் சுத்திக்கிட்டுப் பின்னாடி போகுது. என் பேர் கச்சிதமா உக்காருது.”

“எழுத்தை நெருக்கிப் போடச் சொல்லு. அதுக்குத்தானே இவங்ககிட்ட வந்திருக்கோம்?”

“நெருக்கினா அசிங்கமா இருக்கும்.”

“இருக்கட்டும். என் பேர், என் அசிங்கம்.”

“உனக்குப் பேராசை பிடிச்சுப்போச்சு அக்கா. அவ்வளவுதான் சொல்வேன்.” அவன் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான். அலமாரியில் பாட்டில்கள் கிணுகிணுத்தன.

டிசைனருக்கும் பற்றிக்கொண்டு வந்தது. படித்த படிப்பெல்லாம் இந்தப் பஞ்சாயத்துக்குத்தானா என்று நினைத்தபடி படிக்கட்டுவரை அவன் பின்னால் போனாள், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட. ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் பேசிவிட்டான். திரும்பி வந்தபோது அவளிடம் அந்தக் கோபம் இல்லை.

“மேடம், தம்பி பேரையே பெருசாப் போட்டுடலாம்.”

“என்ன, வெளியில போய் உங்களுக்கும் சொக்குப்பொடி போட்டுட்டானா?”

“கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன். நீங்க பாக்காத பேரா?”

“முடியாது.”

“அவர் உங்க தம்பி மேடம். வேத்து ஆளு இல்லை.”

“அதனாலதான் முடியாதுங்கிறேன்.” அக்கா எழுந்து போய்க் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது, கோபம் இறங்கவில்லை. “இந்த வருஷம் சரக்கு சரியா வரல. ஒயின் புளிக்கிற தொட்டி சூடேறினதை நான் கவனிக்காம விட்டுட்டேன். கடைக்காரங்களுக்கெல்லாம் வாக்குக் கொடுத்தாச்சு, இனிமே நிறுத்த முடியாது. குடிச்சா உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, பேர்தான் கெடும். முதல் பாட்டிலே மோசம்னா அவனோட ரெண்டாவது பாட்டிலை எவன் திறப்பான்? கெடுறது என் பேரா இருந்துட்டுப் போகட்டும். அவன்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க.”

டிசைனர் மறுபடி மேசைக்குக் கீழே குனிந்துகொண்டாள். தொட்டி சூடேறியதைத் தான்தான் கவனிக்காமல் விட்டதாகவும், கெடுகிற பேர் தன்னுடையதாக இருக்கட்டும் என்றும், அக்காவிடம் மட்டும் மூச்சு விட வேண்டாம் என்றும் சற்றுமுன் படிக்கட்டில் தம்பி அவளிடம் கெஞ்சிவிட்டுப் போயிருந்தான்.