ஐந்தில் நின்ற முள்

சோப்பு டப்பாவுக்குள் குடியிருந்த குட்டி ரேடியோ டிரான்ஸ்மிட்டருக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் வானலையில் நண்பர்கள் கூடும்போது, அவரவர் எத்தனை வாட் சக்தியில் பேசுகிறார்கள் என்று சொல்வது வழக்கம். இன்று அதுவும் சொல்லப் போகிறது! அளந்து சொல்ல மூன்று மீட்டர்கள் மேசைக்கு வந்திருந்தன.

முதலில் விலை உயர்ந்த பெரிய மீட்டர். டிரான்ஸ்மிட்டர் முழுப் பலத்தையும் கொடுத்தது. முள் அசையவே இல்லை.

"என் முதல் கோடே நூறு வாட்லதான் தம்பி. உனக்கு நான் சரிப்பட மாட்டேன்" என்று பெரிய மீட்டர் ஒதுங்கிக்கொண்டது.

அடுத்தது, பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்த சின்ன மீட்டர். அதன் முள் துள்ளி எழுந்து இரண்டில் நின்றது.

"ரெண்டு வாட்."

"ரெண்டுதானா? நல்லாப் பாருங்கண்ணே, இன்னும் கொஞ்சம் தம் கட்டுறேன்!"

தம் கட்டியும் இரண்டுதான்.

மூன்றாவதும் அதே கடை, அதே விலை. டிரான்ஸ்மிட்டர் கண்ணை இறுக்கி மூடித் தம் கட்டியது. திறந்து பார்த்தால், முள் ஐந்தில்!

"அஞ்சு!" குதித்த குதியில் டப்பாவின் மூடியே திறந்துகொண்டது. "அண்ணே, உங்களுக்குத்தான் என் அருமை தெரிஞ்சிருக்கு. நீங்க இங்கேயே இருங்க!"

அலமாரிக்குத் திரும்பிய சின்ன மீட்டர் சொன்னது: "தம்பி, நீ குதிச்சதுல பேட்டரி ஒயர் கழண்டு கிடக்கு பாரு."

டிரான்ஸ்மிட்டர் ஒயரைப் பார்த்தது. முள்ளைப் பார்த்தது. முள் இன்னும் ஐந்திலேயே நின்றது.

"அடேங்கப்பா!" என்று கூவியது. "பேட்டரி இல்லாமலே அஞ்சு வாட்!"