உறைந்த ஏரியில் பிடித்த மீன்

"இஞ்சேரும், அந்தப் படத்தைக் கழட்டி உள்ளுக்கை வையும்!" என்றார் இராஜேந்திரன் மனைவியிடம்.

"உங்களுக்கென்ன விசரே?" என்றாள் ஜெயகௌரி, வடைத் தட்டோடு வந்தபடி. "மாப்பிள்ளையின்ர தகப்பனும் முந்தி நோர்வேயில இருந்தவர். பாத்தால் சந்தோசப்படுவார்."

இராஜேந்திரனுக்குப் பயமே அதுதான்.

படத்தில் இளவயது இராஜேந்திரன். பின்னால் உறைந்த ஏரி, காலடியில் ஐஸில் வெட்டிய துளை, கையில் முழ நீள மீன். வாலில் மட்டும் ஒரு துண்டு இல்லை. துளையால் இழுத்தபோது கிழிந்ததாம். "ஐஸை உடைச்சு மீன் பிடிக்கிற பெடியன் எங்கையும் பிழைப்பான்" என்று ஜெயகௌரியின் அப்பா பெண் கொடுத்ததே இந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

உண்மையில் இராஜேந்திரன் தூண்டிலைத் தொட்டதே இல்லை. மீன், நோர்வேயில் ஹொஸ்டல் சமையல்காரர் படமெடுக்கவென்று ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கொடுத்தது. லண்டன் ரெய்னர்ஸ் லேன் வீட்டில் இது அவருக்கு மட்டுமே தெரியும்.

பெண் பார்க்க வரப்போகிற மாப்பிள்ளையின் தகப்பன் அம்பலவாணனோ பொய்யென்றால் எழும்பிப் போய்விடுகிற மனிதராம். முந்திப் பெண் பார்க்கப் போன ஓரிடத்தில் பெண்ணின் வயதில் ஒன்றைக் குறைத்துச் சொன்னதற்கு, தேத்தண்ணியையும் குடிக்காமல் வெளியே வந்தவர் என்று தரகர் சொல்லியிருந்தார். மகள் யசோதினிக்கு அவர் மகனைப் பிடித்துப் போய்விட்டது. காலையிலிருந்து மூன்று சேலை மாற்றிவிட்டாள்.

மணி அடித்தது. படம் சுவரிலேயே இருந்தது.

மனைவி, மகனோடு உள்ளே வந்த அம்பலவாணன், கோட்டைக்கூடக் கழற்றாமல் படத்தின் முன்னால் நின்றார்.

"இது நீங்களோ?"

"ஓம்…"

"என்ன இரை போட்டனீங்கள்?"

இராஜேந்திரன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"றால்!" என்றாள் ஜெயகௌரி பெருமையாக. "மைனஸ் இருபதில மூண்டு மணித்தியாலம் குந்தியிருந்து பிடிச்சவர்."

அம்பலவாணன் கண்ணாடியைப் போட்டு மீனின் வாலை உற்றுப் பார்த்தார். பிறகு படத்தைத் தானே சுவரிலிருந்து கழற்றினார்.

"இவரோட தனியக் கதைக்க வேணும்."

குசினி வாசலில் நின்ற யசோதினியின் முகம் வாடியது. இராஜேந்திரன் அவளைப் பார்க்கத் துணியாமல் அம்பலவாணனின் பின்னால் அறைக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை," என்றார் இராஜேந்திரன். "பொய் சொன்னது நான்தான். அதுக்காக என்ர பிள்ளையை வேண்டாமெண்டு போயிடாதேங்கோ."

அம்பலவாணன் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பர்ஸுக்குள்ளிருந்து மங்கிப்போன ஒரு படத்தை எடுத்து நீட்டினார். அதில் இளவயது அம்பலவாணன். பின்னால் உறைந்த ஏரி, காலடியில் துளை, கையில் வாலில் துண்டில்லாத அதே மீன்.

"மெல்லக் கதையுங்கோ சம்பந்தி, மனுசி வெளியில இருக்கிறா. நான் இந்த மீனைப் பிடிச்சது எண்பத்தி நாலில. நீங்கள் எப்ப பிடிச்சனீங்கள்?"