எண்ணெய் பூசிய டேஷ்போர்டு

ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவிய மாசிலாமணி, கையோடு டேஷ்போர்டுக்கும் தேங்காய் எண்ணெய் பூசிவிட்டார். மறுநாள் வெயிலில் அது தகதகவென்று மின்னியது.

கார் கிளம்பியதும் டேஷ்போர்டு முன்கண்ணாடியைப் பார்த்தது. அதில் தன் முகம் முழுசாகத் தெரிந்தது.

"எவ்வளவு அழகா இருக்கேன் பாரு," என்றது.

"உன் பளபளப்பு அப்படியே என் மேல விழுது. அவருக்கு ரோடு தெரியல," என்றது கண்ணாடி. "கொஞ்சம் அடங்கு."

"உனக்குப் பொறாமை."

மாசிலாமணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு தலையை முன்னால் நீட்டினார். கார் சந்தை வளைவில் திரும்பியது.

"முன்னால யாரோ வர்றாங்க," என்று பதறியது கண்ணாடி.

"எங்கே? என்னைத் தவிர யாரையும் காணோமே."

பிரேக் கிறீச்சிட்டது. கார் குலுங்கி நின்றது. பம்பருக்கு ஒரு முழம் முன்னால் சைக்கிளைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள். கேரியரில் இருந்த குழந்தை அவள் முதுகை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தது.

மாசிலாமணி காரை ஓரங்கட்டினார். டீக்கடையில் சோப்புத் தண்ணீர் வாங்கி, துணியை நனைத்துப் பிழிந்து, டேஷ்போர்டை அழுத்தி அழுத்தித் துடைத்தார். எண்ணெய் போய் அது மங்கலாகிவிட்டது.

கார் மறுபடி நகர்ந்தது. டேஷ்போர்டு கண்ணாடியில் தன்னைத் தேடியது. அங்கே சைக்கிளை உருட்டிப் போகும் அந்தப் பெண், பூக்கூடைக்காரர், ரோட்டைக் கடக்கக் காத்திருக்கும் ஒரு பெரியவர், அவர் பின்னால் ஒரு நாய்.

"இவங்கல்லாம் எப்ப வந்தாங்க?" என்று மெதுவாகக் கேட்டது.