தானே அணையும் அடுப்பு

"பெரியம்மா, நீங்க இப்படி உக்காருங்க. எதையும் தொட்டுறாதீங்க, சில அடுப்புக்குக் கரன்ட் குடுத்து வச்சிருக்கோம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான் விற்பனையாளன். கடையில் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். காலையில் ஆரம்பித்தால் ஷட்டரை இறக்கும்வரை வாய் ஓயாது.

மாமியார் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்து, கொண்டுவந்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டார். மருமகள் நின்றாள். ஐம்பதைத் தொடும் வயது, படிய வாரிய தலை, கசங்காத உடை. முகத்தில்தான் ஒன்றுமே இல்லை.

"வீட்ல ஒருத்தருக்கு மறதி. அதுக்குத் தகுந்த மாதிரி அடுப்பு வேணும்" என்றாள். யாருக்கோ வந்த செய்தியைப் படிப்பது போல இருந்தது குரல்.

ரேடியோ நாற்காலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தான். "புரியுதுக்கா. எங்க வீட்லயும் ஒரு பெரியவர் இருக்கார். சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து, சாப்பாடு எங்கேம்பார்."

மாமியாருக்குக் காது பாம்புக்காது. "வயசானா எல்லாம் வரும்ப்பா" என்று அங்கிருந்தே சொல்லிச் சிரித்தார். மருமகள் சிரிக்கவில்லை.

"நீங்க வேலைக்குப் போயிட்டா பகல்ல பெரியம்மா தனியாவா?"

"கேன்டீன்ல சமையல் பாத்தேன். இப்பப் போறதில்ல."

"அத்தையைப் பாத்துக்க வேலையை விட்டுட்டீங்களா? இந்தக் காலத்துல யாருக்கா வரும் இந்த மனசு!"

அவள் பார்வையை அடுப்புகள் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரேடியோ அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு கேஸ் அடுப்பைத் திருகிக் காட்டினான்.

"அடுப்புல வச்சிட்டு மறந்து போயிட்டா?" என்று கேட்டாள்.

"தீ அணைஞ்சு போச்சுன்னா கேஸ் தானா நின்னுரும். ஆனா தீ எரிஞ்சுக்கிட்டே இருந்தா அது பாட்டுக்கு எரியும். பாத்திரம் கரியாயிரும்."

"ஆச்சு. போன மாசம். சுவரெல்லாம் கறுப்பு. பக்கத்து வீட்டுக்காரங்க கதவை உடைக்க வந்துட்டாங்க." பயமோ வருத்தமோ எதுவும் இல்லாமல் சொன்னாள். மரத்துப் போயிருந்தாள், அவ்வளவுதான்.

மாமியார் பேச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அதுலருந்து என் பையன், சமையலறையையே பூட்டிடலாம், வெளியில சாப்பாடு சொல்லிக்கலாம்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். சமையல்தான்ப்பா உசுரு. அதையும் புடுங்கிட்டா மனுஷிக்கு அப்புறம் என்ன மிச்சம்? நல்லதா ஒண்ணு காட்டு, அவன் வாயை நான் அடைச்சுக்கிறேன்."

ரேடியோவுக்கே பாவமாகிவிட்டது. "இந்தக் கண்ணாடி அடுப்பு பாக்க அழகு. உள்ளுக்குள்ள கம்பி சிவக்கும். ஆனா அணைச்ச பிறகும் ரொம்ப நேரம் சூடு இருக்கும். மறதியில கையை வச்சா போச்சு, வேணாம்" என்று அவனே தள்ளிவிட்டான். கடைக்காரன் வாயால் வேண்டாம் என்ற சொல் வருவது அதிசயம்.

"இதுதான் உங்களுக்கு. இன்டக்‌ஷன். தீயே கிடையாது. பாத்திரத்தை எடுத்தா சூடு நின்னுரும். தண்ணி வத்திப் பாத்திரம் காய்ஞ்சாலும் கண்டுபிடிச்சுத் தானே அணைஞ்சிரும். மறந்துட்டு ஊருக்கே போனாலும் கவலையில்ல. ஒண்ணே ஒண்ணு, காந்தம் ஒட்டுற பாத்திரம்தான் சூடாகும்."

மாமியார் பையைத் திறந்து ஒரு பாத்திரத்தை எடுத்தார். அடி ஒரு பக்கம் கருகியிருந்தது. ரேடியோ சட்டைப் பையிலிருந்த காந்தத்தை வைத்தான். டக்கென்று ஒட்டியது.

"அப்பாடா, பொழைச்சுது!" என்றார் மாமியார்.

மருமகள் பாத்திரத்தை வாங்கி, கருகின இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

"தம்பி, அடுப்புல வச்சிட்டு மறந்து போயிட்டா?"

ரேடியோ திகைத்துப் போனான். தொண்டை வறளச் சொன்னதெல்லாம் காற்றோடு போச்சா? துருவித் துருவிக் கேட்டு உயிரை எடுக்கிற பார்ட்டி போலிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

"இன்னொரு தடவை சொல்லுப்பா, எனக்குச் சரியா காதுல விழல" என்றார் மாமியார் அவசரமாக.

சொன்னான். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். மருமகள் புதிதாகக் கேட்பது போலத் தலையாட்டினாள்.

"கடைசியா பூட்டு. இப்படிக் கிட்ட வாங்கக்கா" என்று, நாற்காலிக்கு முதுகைக் காட்டி அடுப்பை மறைத்துக்கொண்டான். "பூட்டிட்டா யாராலயும் பத்த வைக்க முடியாது. பக்கத்துல ஆள் இருக்கும்போது திறந்து விடுங்க, ஆசை தீரச் சமைக்கட்டும். எங்க அழுத்தினா திறக்கும்னு மட்டும் மறதிக்காரங்களுக்குத் தெரியவே கூடாது. இப்ப என் விரலைக் கவனிங்க."

மருமகள் கவனிக்கவில்லை. சட்டென்று திரும்பி, எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"அக்கா, இங்க பாருங்க. அப்புறம் திறக்கத் தெரியலன்னு எனக்குத்தான் போன் பண்ணுவீங்க."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாமியார் எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுப்பின் மேல் குனிந்தார்.

"ஐயோ பெரியம்மா, நீங்க பாக்கக் கூடாது!" என்று பதறி இரண்டு கையாலும் அடுப்பை மூடினான் ரேடியோ.

மருமகள் திரும்பாமலே சொன்னாள்.

"அத்தைக்கே காட்டுங்க தம்பி, மறதி எனக்குத்தான்."