லைட்டர் சோதனை

2022 பிப்ரவரி 16. செங்கரையூர் நகராட்சி அலுவலகக் கூட்ட அறை. பாதாளச் சாக்கடையில் இறங்குகிறவர்களுக்கான விஷவாயு எச்சரிக்கைக் கருவிகளுக்கு மூன்று நிறுவனங்கள் விலை கொடுத்திருந்தன.

மேசைமேல் மூன்று கருவிகள். கருப்பு, சிவப்பு, மஞ்சள்.

பக்கத்தில் ஒரு சிகரெட் லைட்டர்.

யாரோ மறந்து வைத்துவிட்டதாகத்தான், கருவிகளை மதிப்பிட வந்திருந்த அவள் முதலில் நினைத்தாள்.

கருப்பும் சிவப்பும் கூரியரில் வந்தவை. மஞ்சளுக்கு மட்டும் ஆள் வந்திருந்தார். அவர் லைட்டரை எடுத்து, பற்றவைக்காமல், வாயுவை மட்டும் ஒவ்வொரு கருவியின் முன்னும் கசியவிட்டார்.

மூன்றும் கத்தின.

"மூணும் பாஸ்," என்றார் நகராட்சிப் பொறியாளர் ஞானசுந்தரம்.

இனி விலைதான். மஞ்சள்தான் குறைவு.

"சாக்கடைக்குள்ள லைட்டர் வாயுவா சார் இருக்கு?" என்றாள் அவள்.

"எல்லா ஊர்லயும் இதுதான் மேடம் டெஸ்ட்டு," என்றார் மஞ்சள் கருவிக்காரர்.

அவள் அரசு கல்லூரியின் வேதியியல் பேராசிரியை. மதிப்பீட்டுக் குழுவின் வெளி உறுப்பினர். வெளி உறுப்பினர்கள் வழக்கமாகத் தேநீர் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.

ஞானசுந்தரத்துக்குக் கைபேசி அடித்தது. எழுந்து வெளியே போனார்.

அவள் பையிலிருந்து ஒரு பழுப்புக் குப்பியை எடுத்தாள். காலையில் கல்லூரி ஆய்வகத்தில் பிடித்தது. கொஞ்சம்தான். ஹைட்ரஜன் சல்பைடு. சாக்கடைக்குள் ஆளைக் கொல்வது.

மூடியைத் திறந்து கருப்பின் அருகே காட்டினாள். கத்தியது.

சிவப்பு. கத்தியது.

மஞ்சள்.

பச்சை விளக்கு. எல்லாம் நலம் என்பது அதற்கு அர்த்தம்.

இன்னும் நெருக்கிப் பிடித்தாள். பச்சை.

"வார்ம் அப் ஆகணும் மேடம்."

"லைட்டருக்கு மட்டும் ஆயிருந்துச்சே?"

அவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

அழுகிய முட்டை நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

சுவரோரம் பொன்னுரங்கம் நின்றிருந்தார். சாக்கடைத் தொழிலாளி. கருவியை மார்பில் மாட்டிப் படமெடுப்பதற்காக வரச்சொல்லியிருந்தார்கள். தேய்த்த சட்டை. ஈரம் காயாத, படிய வாரிய தலை. கழுத்தில் பவுடர்.

ஞானசுந்தரம் கதவைத் திறந்தார். நின்றார். கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார்.

மேசையைப் பார்க்கவில்லை. அவள் கையில் இருந்த குப்பியைப் பார்க்கவில்லை.

"யோவ் பொன்னுரங்கம், எத்தன வாட்டிய்யா சொல்றது? ஆபீசுக்கு வரும்போதாவது குளிச்சிட்டு வந்து தொலையேன்."

யாரும் சிரிக்கவில்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை. குழுவிலிருந்த துப்புரவு மேற்பார்வையாளர் எழுந்து மின்விசிறியைக் கூட்டிவைத்தார்.

பொன்னுரங்கம் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, ஜன்னலோரமாகத் தள்ளி நின்றுகொண்டார்.

அவள் குப்பியை மூடினாள்.

"நாத்தம் இதுலேருந்து வருது சார். அவர்மேலருந்து இல்ல."

ஞானசுந்தரத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்தார்.

"அட, இவ்வளவுதானா? மூக்குக்கே தெரியுதே மேடம். அப்புறம் மிஷின் எதுக்கு?"

மஞ்சள் கருவிக்காரர் சிரித்தார். அவர் சிரித்ததும் மற்றவர்களும்.

"வாயு அதிகமானா முதல்ல மூக்குதான் சார் சாகும். அப்புறம்தான் ஆள்."

சமோசா வந்தது. நாற்றத்தோடேயே சாப்பிட்டார்கள். இரண்டாவது சமோசாவை எடுக்கும்போது யாருக்கும் நாற்றம் தெரியவில்லை.

ஞானசுந்தரம் விரலைத் துடைத்துக்கொண்டு மதிப்பெண் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். குழுவின் மற்ற நான்கு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"குறைஞ்ச விலைய விட்டுட்டு வேற வாங்கினா, தணிக்கைக்காரன் என்னத்தானே மேடம் கேப்பான்?"

"மஞ்சளுக்குத் தகுதி இல்லேன்னு எழுதிட்டா கேக்க மாட்டான் சார்."

அவர் மஞ்சள் கருவிக்காரரைப் பார்த்தார். மஞ்சள் கருவிக்காரர் கூரையைப் பார்த்தார்.

"மார்ச்சோட நிதி திரும்பிப் போயிடும்," என்றார் ஞானசுந்தரம், மிகவும் மென்மையாக. "நீங்க கையெழுத்துப் போடலேன்னா இந்த வருஷம் கருவியே கிடையாது. இவங்கள்லாம் வெறும் நெஞ்சோட இறங்கட்டும்ங்கிறீங்களா? அந்தப் பாவம் யாருக்கு?"

ஜன்னலைக் காட்டினார். அங்கே நின்றவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெறும் நெஞ்சோடு இறங்குகிறவனுக்குப் பயமாவது இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

மஞ்சளுக்கு நேரே எழுதினாள். 'தகுதியற்றது.' கீழே கையெழுத்திட்டாள்.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

படிக்கட்டில் பொன்னுரங்கம் நின்றிருந்தார். அவளுக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒதுங்கினார். இறங்கப் போனவளிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எதும்மா நல்லது?"

"கருப்பு, சிவப்பு ரெண்டுமே நல்லதுதாண்ணே. மஞ்சள் குடுத்தா நம்பாதீங்க. அது கத்தாது."

தலையாட்டினார். கொஞ்சம் யோசித்தார்.

"நம்பலேன்னா, சரி இறங்காதேன்னு சொல்லிடுவாங்களாம்மா?"

அடுத்த வாரம் மதிப்பீட்டுக் குழு திருத்தியமைக்கப்பட்டது. வெளி உறுப்பினராக அதே கல்லூரியின் வணிகவியல் பேராசிரியர் நியமிக்கப்பட்டார்.

மார்ச் கடைசியில் நாற்பது மஞ்சள் கருவிகள் வந்து சேர்ந்தன. பொன்னுரங்கத்துக்கும் ஒன்று கொடுத்து, பாதுகாப்புக் கருவி பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.